அக்கா பையனுக்கு எந்த கிட்டார்: நைலானா, ஸ்டீலா, எலெக்ட்ரிக்கா?

சீட்டுப் பணம் எடுத்த கையோடு அக்கா போன் போட்டாள். "தம்பி, இவன் ப்ளஸ் டூ முடிச்சதிலேர்ந்து கிட்டார் கிட்டார்னு உயிரை எடுக்கறான். பதினஞ்சாயிரம் தனியா வெச்சிருக்கேன். அதுக்கு மேல சல்லிக்காசு கிடையாது. நீ கூடப் போய் வாங்கிக் குடு."

ராயபுரத்தில் ஒரு சர்ச் பாட்டுக்குழுவில் ஒன்பது வருஷமாக கிட்டார் வாசிக்கிறேன். அதனால் சொந்தபந்தத்தில் யாருக்கு இந்த ஆசை வந்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும். வழக்கமாக யோசிக்காமல் ஒரு பதில் வைத்திருப்பேன்: "ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் வாங்கு, 40 இன்ச், போ." இந்த முறை அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் அக்காவின் வீடு.

வியாசர்பாடியில் மாடி வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒட்டினாற்போல் சமையல்கட்டு. அக்கா ஸ்டாஃப் நர்ஸ், மாதத்தில் பாதி நைட் டியூட்டி. காலை ஒன்பதுக்கு வந்து படுத்தால் மத்தியானம் இரண்டு மணிவரை வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது. அந்த நேரத்தில்தான் பையனுக்குக் கல்லூரி இல்லாத நாட்களில் கை துறுதுறுக்கும். சாயங்காலம் கீழ்வீட்டுப் பாட்டி சீரியல் பார்ப்பார். இரவு பத்துக்கு மேல் சுவரின் அந்தப்பக்கம் கைக்குழந்தை. இந்த வீட்டில், கரண்ட் இல்லாமலே சத்தமாகக் கேட்கும் ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் பையை விட்டு வெளியே வரும்? நான் கணக்குப் போட்டேன்: சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு. அவ்வளவுதான்.

கிட்டாரை எல்லோரும் காதை வைத்துத் தேர்வு செய்யச் சொல்வார்கள். இத்தனை பேர் வாங்கியதையும், வாங்கியதைப் பரணில் போட்டதையும் பார்த்த பிறகு நான் சொல்வது, வீட்டை வைத்துத் தேர்வு செய்யுங்கள் என்பதுதான்.

முதலில் என் கதை

34 வயதில் நான் வாங்கிய முதல் கிட்டார் 2,800 ரூபாய். கடையின் பெயர் வேண்டாம். 38 இன்ச், கறுப்பு, விளிம்பில் வெள்ளைப் பட்டை, பார்க்க சினிமாவில் ஹீரோ வைத்திருப்பது மாதிரியே இருக்கும். எட்டு மாதம் போராடினேன். விரல் நுனியில் கம்பி பதிந்து ஊதா நிறமாகிவிடும். ஜி கார்டு (chord, சில கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் பிடி) பிடித்தால் ஆறு கம்பியில் மூன்றுதான் பேசும், மீதி 'டுப்' என்று செத்துப்போகும். என் விரல் தடிமன், நமக்கு இதெல்லாம் வராது என்று முடிவுக்கே வந்துவிட்டேன்.

பாட்டுக்குழுவில் ஒரு பெரியவர். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர், கிட்டார் அங்கே கற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் கிட்டாரை வாங்கி, தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் கழுத்தை ஒரு பார்வை பார்த்தார். "இன்னா தம்பி, இது கிட்டாரா, மீன் வெட்ற கட்டையா?" என்றார். கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பி ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. அவருடைய கிட்டாரைக் கையில் கொடுத்தார். அதே ஜி கார்டு. ஆறு கம்பியும் பேசின. என் விரலின் மேல் எட்டு மாதம் போட்ட பழி அந்த ஒரு நிமிஷத்தில் போனது. கூடவே 2,800 ரூபாயும் போனது, அது வேறு.

இதனால்தான் பிராண்டு பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரண்டு சோதனை. ஒன்று, பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டு. ஒரு கார்டின் தடிமன் 0.76 மி.மீ. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் கார்டுகளை அடுக்கி நுழைத்துப் பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் மூன்று கார்டு இறுக்கமாகப் போனால் சரியான உயரம். நான்கு தளர்வாகப் போனால் இறக்கித் தரச் சொல்ல வேண்டும். நைலானில் நான்கு, ஐந்து கார்டு சகஜம். எலெக்ட்ரிக்கில் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. கார்டை உள்ளே விடும்போது கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இரண்டாவது, அதே பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் மேல் விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி அடித்தாற்போல் ஒரு சத்தம் வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். போனில் ட்யூனர் ஆப் போட்டுப் பார்த்தால் முள் காட்டிக்கொடுத்துவிடும். விலகினால், அந்தக் கிட்டாரை எவ்வளவு சுதி சேர்த்தாலும் மேலே போகப் போக அபசுரம்தான். அதை வைத்துக்கொண்டு காது பழகினால் காதும் கெடும்.

நைலான்

மூன்றில் விரலுக்கு மிருது இதுதான். கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 38, 40 கிலோ. சாதாரண 12 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு) ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக்கில் அது 70 கிலோவைத் தாண்டும். முதல் மாதம் இந்த வித்தியாசத்தை விரல் நுனி சொல்லும். ஆனால் கழுத்து அகலம்: நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டை) பக்கத்தில் 52 மி.மீ., ஸ்டீல் கிட்டாரில் சுமார் 43. கம்பிகளுக்கு நடுவே இடம் தாராளம் என்பதால் ஒரு விரல் பக்கத்துக் கம்பியைத் தொட்டுக் கெடுக்காது. கை சின்னதென்றால் அதே அகலம் சுமை. சின்னப் பிள்ளைகளுக்கு 34, 36 இன்ச் என்று அரை அளவு, முக்கால் அளவு கிட்டார்கள் இருக்கின்றன. கொடுங்கையூரில் என் நண்பன் தன் பதினொரு வயது மகளுக்கு 36 இன்ச் நைலான் வாங்கினான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அது பாட்டுக்கு வாசிக்கும். யாருக்கும் தொந்தரவு இல்லை, ஏனென்றால் நைலானின் சத்தமே அடங்கிய சத்தம்.

லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்துவது மாதிரி கிரேடு பரீட்சைக்குக் கிளாசிக்கல் கிட்டார் எடுப்பதென்றால் பேச்சே இல்லை, நைலான்தான். இடது காலை ஒரு சின்ன முக்காலியில் தூக்கி வைத்து, நோட்டேஷன் பார்த்து, விரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டும் வித்தை அது. இனிஷியல் என்ற தொடக்கநிலையிலிருந்து எட்டாம் கிரேடுவரை போகலாம். இளையராஜா லண்டன் ட்ரினிட்டி கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்பது நம் ஊரில் ஒவ்வொரு கிட்டார் மாஸ்டரும் முதல் வகுப்பில் சொல்லும் கதை. கேட்டுவிட்டு உற்சாகமாகச் சேர்ந்து, மூன்று மாதமாகியும் ஒரு சினிமாப் பாட்டும் வராமல் நின்றுவிட்ட பையன்களை எனக்குத் தெரியும். பாட்டு வேண்டும் என்பவனுக்கு அந்தப் பாதை நீளம்.

ஒரு எச்சரிக்கை. நைலான் கிட்டாரில் சத்தம் பத்தவில்லை என்று ஸ்டீல் கம்பியை மாட்டுகிறவர்கள் உண்டு. 40 கிலோவுக்குக் கட்டிய பலகையில் 70 கிலோவைத் தொங்கவிட்டால் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு வரும். பெரும்பாலான நைலான் கிட்டார்களில் கழுத்தை நிமிர்த்தும் ட்ரஸ் ராட் கம்பியும் உள்ளே கிடையாது. செய்யாதீர்கள்.

ஸ்டீல்

நம் பக்கம் கிட்டார் என்றால் மனசில் வரும் உருவம் இதுதான். பூசையில் நூறு பேர் பாடும்போது மைக் இல்லாமலும் கேட்கும். மொட்டை மாடியில் நாலு பேர் கூடி கானா எடுத்தால் டோலக்கோடு போட்டி போடும். பாடுகிறவன் எந்தச் சுதியில் ஆரம்பிப்பான் என்று அவனுக்கே தெரியாது. கேப்போவை (எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அமுக்கும் கிளிப்) மூன்றாவது ஃப்ரெட்டிலோ ஐந்தாவதிலோ மாட்டினால் நமக்குத் தெரிந்த அதே ஏ மைனர், டி மைனர், ஈ வடிவங்கள் அவன் சுதிக்கு வந்து நிற்கும். ஆர்கன் அக்கா எஃப் மேஜரில் தொடங்கினால், ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு சி வடிவத்தைப் பிடித்து நான் பல ஞாயிறு தப்பித்திருக்கிறேன். அந்த எஃப் பேரே கார்டு, ஒரே விரலால் ஆறு கம்பியையும் அமுக்க வேண்டியது, எனக்கு வர ஒரு வருஷம் ஆனது.

வலி பற்றிப் பொய் சொல்லமாட்டேன். முதல் இரண்டு மூன்று வாரம் பாத்திரம் தேய்க்கும்போது எரியும். சாப்பிடும் வலது கைக்கு ஒன்றுமில்லை. இடது கைக்காரராகப் பிடித்து வாசிப்பவருக்குத்தான் குழம்பு சோறு பிசையும்போதும் எரியும். பிறகு விரல் நுனி காய்த்துவிடும். குறைக்க ஒரு வழி உண்டு: புது கிட்டாரில் பெரும்பாலும் வரும் 12 கேஜ் கம்பியைக் கழற்றி 10 கேஜ் மாட்டச் சொல்லுங்கள். இழுவிசை ஏறக்குறைய அறுபது கிலோவுக்கு இறங்கும். சத்தம் கொஞ்சம் மெலியும், தொடக்கத்தில் அது பெரிய இழப்பில்லை.

ராயபுரத்துக்காரனாக இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து காசிமேடு துறைமுகம் நடக்கிற தூரம். கடல் காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும்போது கிட்டார் கம்பி எம்மாத்திரம்? புதுக் கம்பி ஒரு மாதத்தில் மங்கி, இரண்டாவது மாதம் விரலில் கறுப்பாக ஒட்டும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்தால் இன்னும் ஒரு மாதம் கூட வரும். மேல்பூச்சு போட்ட கோட்டட் கம்பி நெடுநாள் தாங்கும், விலைதான் இரண்டு மூன்று மடங்கு. நைலானில் மெல்லிய மூன்று கம்பியும் துருப்பிடிக்கவே பிடிக்காது, தடித்த மூன்றின்மேல் சுற்றிய உலோகம் மட்டும் கறுக்கும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் இந்த மாதாந்திரச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மரமும் அப்படித்தான். முழுப் பலகை மேல்தட்டு, அதாவது சாலிட் டாப், கேட்க அருமை. ஆனால் அதற்குக் காற்றின் ஈரப்பதம் 45, 55 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சௌக்கியம். நம் ஊர்க் காற்று பெரும்பாலும் அதற்கு மேல்தான். மழைக்காலத்தில் மேல்தட்டு லேசாக உப்பி, கம்பி உயர்ந்துவிடும். ஒட்டுப்பலகை, லேமினேட்டட், அவ்வளவு இனிமை இல்லை, ஆனால் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி எதையும் தாங்கும். முதல் கிட்டாருக்கு அது போதும். யமஹாவின் எஃப் 280 அந்த ரகம். யமஹா 2019 முதல் சென்னைக்குப் பக்கத்திலேயே ஆலை வைத்து இசைக்கருவிகள் செய்கிறது. அதைவிட மலிவான நல்லவையும் உண்டு. ஏ.டி.எம். கார்டு சோதனையில் தேறினால் பெயரைப் பார்க்கத் தேவையில்லை.

எலெக்ட்ரிக்

இங்கேதான் நான் என் கட்சியை மாற்றிக்கொண்டேன்.

"முதலில் அக்கூஸ்டிக் கற்றுக்கொள், விரல் காய்த்த பிறகு எலெக்ட்ரிக்" என்று ஊரே சொல்லும். நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். காரணம் என்ன என்று யாரையாவது கேட்டால், கஷ்டத்தில் பழகினால் பிறகு சுலபம் என்பார்கள். எட்டு மாதம் கஷ்டத்தில் பழகியவன் நான், எனக்கு வந்தது வெறுப்புதான். எலெக்ட்ரிக்கில் 9 கேஜ் கம்பியின் மொத்த இழுவிசை ஏறக்குறைய நைலான் அளவே. கழுத்து ஸ்டீல் கிட்டாரைப்போல ஒல்லி, கம்பி தாழ்வு. அதாவது நைலானின் மிருதுவும் ஸ்டீலின் ஒல்லியும் ஒன்றில். எஃப் பேரே கார்டு அக்கா பையனுக்குக் கடையிலேயே முக்கால்வாசி வந்துவிட்டது. எனக்கு வயிற்றெரிச்சல்.

சத்தம்தான் தீர்மானித்தது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உள்ளே குடம் கிடையாது, கட்டைதான். ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் வாசித்தால் கொசு வலைக்குள் உட்கார்ந்து யாரோ ரப்பர் பேண்டு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். மூடிய கதவைத் தாண்டாது. ஆம்ப் வேண்டாம், ஹெட்ஃபோன் ஆம்ப் என்று கட்டைவிரல் நீளத்தில் ஒன்று உண்டு, கிட்டாரில் நேரே சொருகி ஹெட்ஃபோனை மாட்டினால் காதுக்குள் கச்சேரி நடக்கும், பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். பேட்டரி என்பதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. வியாசர்பாடியில் மழைக்காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கிட்டார், ஹெட்ஃபோன் ஆம்ப், ஹெட்ஃபோன் என்று மூன்று பொருள், மூன்றில் எது கெட்டாலும் வாசிப்பு நிற்கும். கிட்டாரை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டு மாடிக்குப் போனால் ஒன்றும் கேட்காது. எடை 3, 4 கிலோ, தோளில் பட்டை வெட்டும். ஆயிரம் விதமான சத்தம் வரும் என்பதால் கார்டு பழகாமல் சத்தத்தோடு விளையாடிப் பொழுதைப் போக்கும் ஆபத்து உண்டு. அக்கா பையனுக்கு அந்தக் குணம் இருக்கிறது, போனில் கேமரா ஃபில்டர் மாற்றிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்காருவான்.

ஆனால் அவன் ஆசைப்படுவது என்ன என்பதும் முக்கியம். நான் அவன் வயதில் கேட்டதை அவன் கேட்பதில்லை. கானாவோடு ராக், ராப் எல்லாம் கலந்து தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தபோது அவன் சின்னப் பையன். வளர்ந்தது அந்தச் சத்தத்தில்தான். டோலக்குக்கும் சட்டி மேளத்துக்கும் நடுவே, சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் உறுமுவது அவனுக்கு இயல்பான பாட்டு. அவன் கையில் நைலானைக் கொடுத்து கிளாசிக்கல் வாசி என்றால், நாம் வாங்கிக் கொடுப்பது நம் ஆசையை.

யூகலேலி பற்றியும் கேட்கிறார்கள். நாலு நைலான் கம்பி, சின்ன உடம்பு, ஒரு வாரத்தில் மூன்று கார்டு வரும். குழந்தைகளுக்கு நல்லது. கிட்டார் கேட்டவனுக்கு அதை வாங்கிக் கொடுத்தால், பைக் கேட்டவனுக்கு சைக்கிள்.

எங்கே வாங்குவது

ஆன்லைனில் விலை குறைவு, படம் அழகு. ஆனால் ஏ.டி.எம். கார்டு சோதனையைப் போனுக்குள் செய்ய முடியாது. வந்த கிட்டாரில் கம்பி உயரமாக இருந்தால் அதை இறக்கித் தர ஆள் தேட வேண்டும். கடையில் வாங்கினால் அங்கேயே செட்டப், அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்வது, செய்து வாங்கலாம். ஐநூறோ ஆயிரமோ கேட்டாலும் கொடுங்கள். மவுண்ட் ரோட்டில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இன்னும் இருக்கிறது. வேறு கடைகளும் அதே சாலையிலும் புரசைவாக்கத்திலும் உண்டு. 2021இல் மெட்ரோ விம்கோ நகர்வரை நீண்ட பிறகு எங்கள் பக்கத்திலிருந்து அந்தச் சாலையில் இருக்கும் எல்.ஐ.சி. ஸ்டேஷனுக்கு ஒரே வண்டி. வாங்கிய கிட்டாரோடு 6 மணிக் கூட்டத்தில் ஏறாதீர்கள், அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்ட் எனக்குப் பிடித்த வழி. ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் பரணில் போட்டவர்கள் பெரம்பூரிலும் கொளத்தூரிலும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பாதி விலைக்குத் தருவார்கள். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்தட்டு வயிறு மாதிரி உப்பியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மூக்கை உள்ளே விட்டு மோந்தும் பாருங்கள். வேடிக்கையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது புளியந்தோப்பில் ஒரு நண்பரின் கிட்டார் கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. காய்ந்த பிறகு வெளியே பார்க்க ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே ஒட்டிய பசை விட்டு, குறுக்குக் கட்டைகள் அசைந்துகொண்டிருந்தன. பூஞ்சை வாடை மட்டும்தான் சாட்சி. அன்றிலிருந்து நான் யாருக்குச் சொன்னாலும், கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதே, சுவரில் ஆணியடித்து மாட்டு என்கிறேன். கண்ணெதிரே தொங்கினால் கையும் அடிக்கடி போகும்.

யாரிடம் கற்பது

கிளாஸ், வீட்டுக்கு வரும் மாஸ்டர், சர்ச் அண்ணன், யூடியூப். இந்த நாலைப் பற்றியும் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் நாலிலும் காலை நனைத்தவன்.

யூடியூபில் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஜஸ்டின் கிட்டார் என்ற தளத்தில் முதல் கார்டிலிருந்து படிப்படியாக, இலவசமாக இருக்கிறது. தமிழ்ப் பாட்டுக்குத் தமிழிலேயே சொல்லித்தருகிறவர்களும் நிறைய. ஒன்று மட்டும் அந்தத் திரையால் முடியாது. அது உங்கள் கையைப் பார்க்காது. நான் முதல் வருஷம் இரண்டு ஃப்ரெட்டுக்கும் சரியாக நடுவில் விரலை வைத்து, பல்லைக் கடித்து அமுக்குவேன், கம்பி 'கிர்ர்' என்று பொரியும். அந்தப் பெரியவர் என் நடுவிரலைப் பிடித்து அரை இன்ச் வலப்பக்கம், ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் நகர்த்தினார். பாதி பலத்தில் சத்தம் சுத்தமானது. நான் பார்த்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். கேட்டேன், செய்ததாகவும் நினைத்துக்கொண்டேன். மணிக்கட்டு மடங்குவதும், கட்டைவிரல் மேலே ஏறி உள்ளங்கை கழுத்தில் ஒட்டுவதும் அதே மாதிரிதான். செய்கிறவனுக்குத் தெரியாது.

கிளாஸில் எத்தனை பேர் என்று கேளுங்கள். எட்டுப் பேர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் உங்கள் கையின் மேல் மாஸ்டரின் கண் விழுவது ஏழு நிமிஷம். மாதம் 1,200, 1,500 கேட்டார்கள் நாங்கள் விசாரித்த இடங்களில். வீட்டுக்கு வரும் மாஸ்டர் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் கண் முழுக்க உங்கள்மேல். சர்ச் அண்ணன்கள் காசு வாங்கமாட்டார்கள். வேகமாக வாசிக்க வைத்துவிடுவார்கள், ஏனென்றால் அடுத்த ஞாயிறு ஆள் வேண்டும். தாளம் தவறாமல் நூறு பேரோடு வாசிக்கும் பழக்கம் வேறு எங்கும் கிடைக்காது. தெரியாத கேள்விக்கு "அப்படித்தான் தம்பி, பழகப் பழக வரும்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் தீர்ப்பு: மூன்று மாதம் ஆள், பிறகு யூடியூப். தலைகீழாகச் செய்தால் தப்பாகப் பழகிய கையைத் திருத்தவே மூன்று மாதம் கூடப் போகும். தடித்த ஆறாவது கம்பிக்கு ஈ, அடுத்தது ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுதி சேர்ப்பதை மட்டும் முதல் நாளே ஆப் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மாஸ்டர் வேண்டாம்.

வாங்கியது

கடைசியில் நடந்தது இது. எலெக்ட்ரிக், செகண்ட் ஹேண்ட், கொளத்தூரில் ஒரு ஐ.டி. தம்பியிடம், 8,000 ரூபாய். கழுத்து நேர், இரண்டு ஏ.டி.எம். கார்டு இறுக்கம், வாடை இல்லை. புதுக் கம்பி, செட்டப் 1,200. ஹெட்ஃபோன் ஆம்ப் 1,600. பையும் கேபிளும் அவரே கொடுத்துவிட்டார், ஹெட்ஃபோன் அக்காவின் பழையது. மொத்தம் 10,800. மீதி 4,200இல் மூன்று மாதக் கிளாஸ் ஃபீஸ், மாதம் 1,400. அக்கா வைத்த பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் கூடவில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்னும் இறங்கவில்லை.

அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "என்னடா, சத்தமே வரல? ஏமாத்திட்டாங்களா?"

"ஹெட்ஃபோனை மாட்டிப் பாரும்மா," என்றான் பையன்.

இதே பையன் அடுத்த வருஷம் எங்கள் பாட்டுக்குழுவுக்கு வர ஆசைப்பட்டால், என் பழைய ஸ்டீல் கிட்டாரைத் தருவேன். கழுத்து ஒரே அகலம்தான், விரல்தான் திரும்பக் கொஞ்சம் எரியும். வீடு தனி வீடாகவோ மாடி சொந்தமாகவோ இருந்து, பாடிக்கொண்டே வாசிக்க ஆசை என்றால் நான் பழைய பதிலையே சொல்லுவேன்: ஸ்டீல், 40 இன்ச், 10 கேஜ். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அல்லது கிரேடு பரீட்சை எழுத வேண்டும் என்றால் நைலான்.

போன செவ்வாய் காலை பதினொரு மணிக்கு ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். செருப்பைக் கழற்றும்போதே பையன் வாயில் விரலை வைத்தான். உள்ளே அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ஹால் மூலையில் பாயில் உட்கார்ந்து, ஹெட்ஃபோனோடு, சியிலிருந்து ஜிக்கு, ஜியிலிருந்து சிக்கு மாற்றிக்கொண்டே இருந்தான். எனக்குக் கேட்டதெல்லாம் கம்பியில் பிக் உரசும் டிக், டிக். ஃபேன் சத்தம் அதைவிட அதிகம்.